ஊடகப் பயிற்சிப் பட்டறைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்: ராமநாதபுரம் கடலோர மக்களுக்கான விளக்கம்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேசுவரம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று நீளும் நம் கடற்கரையைப் பற்றிய செய்தி வெளிவராத வாரம் அரிது. மீனவர் கைது, புயல் எச்சரிக்கை, தடைக்காலம், கடற்பாசி, பவளப்பாறை என்று பலரும் பலவற்றைப் பேசுகிறார்கள். ஆனால் இங்கேயே வாழ்பவர்களின் வாயிலிருந்து தெளிவான, முழுமையான விளக்கம் மக்களைச் சென்றடைவது குறைவு. அந்தக் குறையைத் தீர்க்க உதவும் பயிற்சிக்கு வர விரும்புவோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

ஊடகப் பயிற்சிப் பட்டறை என்பது என்ன? செய்தியாளர் ஆவதற்கான படிப்பா?

அல்ல. செய்தி சேகரிக்கவும் எழுதவும் கற்பிக்கும் இதழியல் பயிற்சி வேறு. இங்கே நாம் பேசுவது, செய்தியாளரின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர்களுக்கான பயிற்சி. பேட்டி கொடுப்பது, தொலைக்காட்சிக்கு ஓரிரு வரிகளில் கருத்துச் சொல்வது, செய்தியாளர் சந்திப்பு நடத்துவது, செய்திக்குறிப்பு எழுதுவது, நெருக்கடி நேரத்தில் நிதானம் இழக்காமல் பேசுவது ஆகியவையே இதன் பாடங்கள். இரண்டையும் ஒரே பெயரில் விளம்பரம் செய்பவர்கள் உண்டு என்பதால், பெயர் கொடுப்பதற்கு முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

யாருக்கு இது தேவைப்படும்? படிப்புத் தகுதி ஏதும் உண்டா?

எழுதப் படிக்கத் தெரியாதவரும் வரலாம். விசைப்படகு, நாட்டுப்படகு மீனவர் சங்கங்களின் நிர்வாகிகள், பாசி எடுக்கும் பெண்களின் குழுத் தலைவிகள், ஊராட்சித் தலைவர்கள், தலைமையாசிரியர்கள், மருத்துவர்கள், கருவாடு மற்றும் மீன் வணிகர்கள், ஜமாத் நிர்வாகிகள், பங்குப் பேரவை உறுப்பினர்கள், கடல் ஆராய்ச்சி நிறுவனங்களில் பணியாற்றும் அறிவியலாளர்கள் என்று, ஊரில் ஏதேனும் நடந்தால் யாரை நோக்கி மைக் நீளுமோ அவர்கள் அனைவருக்கும் இது பயன்படும். ஒரே அமைப்பிலிருந்து இருவர் வருவது நல்லது. சங்கத் தலைவர் கடலில் இருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் செய்தியாளர் வந்து நிற்பார். அப்போது கரையில் இருப்பவரும் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

எத்தனை நாள் நடக்கும்? வேலை கெடாதா?

ஒரு நாள் அல்லது இரண்டு நாள் நடப்பதே வழக்கம். ஒரே நாளில் முடிப்பவர்கள் பேச்சைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்ட வேண்டும். இரண்டாவது நாள் இருந்தால் முதல் நாள் கண்ட குறைகளைத் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கும் என்பதால் இரண்டு நாள் பயிற்சியையே நான் பரிந்துரைப்பேன். ராமேசுவரம் பகுதியில் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் கடலுக்குப் போகும் நாட்கள் முறைவைத்துப் பிரிக்கப்பட்டிருப்பதை ஏற்பாட்டாளர் அறிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரமும் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி நேரமும் அட்டவணையில் விடுபட்டிருக்க வேண்டும். விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்கள் சங்க நிர்வாகிகளுக்கு மிகவும் தோதான காலம். ஆனால் அதே காலத்தில்தான் நிவாரணத்தொகை, படகுப் பராமரிப்பு, மீன் விலை பற்றிக் கேட்கச் செய்தியாளர்களும் வருவார்கள் என்பதால், தடைக்காலம் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பே பயிற்சியை முடித்துக்கொள்வது அதைவிடச் சிறந்தது.

வருவதற்கு முன் என்ன தயாரிக்க வேண்டும்?

உங்களிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்விகளை, குறிப்பாக உங்களுக்குப் பிடிக்காத கேள்விகளை, ஒரு தாளில் எழுதி எடுத்து வாருங்கள். எழுத வராதவர்கள் கைப்பேசியில் குரலாகப் பதிந்து வரலாம். உங்கள் அமைப்பைப் பற்றி வெளிவந்த செய்தித்தாள் நறுக்குகளும் காணொளிகளும் இருந்தால் அவற்றையும் கொண்டு வாருங்கள். மற்றவர்களின் எடுத்துக்காட்டுகளைக் காட்டிலும் உங்கள் ஊர்ச் செய்தியை வைத்துக் கற்பது பலமடங்கு பயன் தரும்.

அடுத்து, அடிப்படைத் தகவல்களைச் சரிபார்த்து வாருங்கள். ஒரு மீனவர் சங்க நிர்வாகியை எடுத்துக்கொள்வோம். வெளியூரிலிருந்து வரும் செய்தியாளர் எடுத்த எடுப்பிலேயே கச்சத்தீவைப் பற்றிக் கேட்பார். 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் பாக் நீரிணையில் எல்லையை வகுத்தது என்பதும், அதன் ஐந்தாம் பிரிவு இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம் என்று கூறுகிறது என்பதும், 1976இல் மன்னார் வளைகுடாவிலும் வங்கக்கடலிலும் எல்லை வகுக்கப்பட்டபோது பரிமாறப்பட்ட கடிதங்களில்தான் ஒரு நாட்டுப் படகுகள் மற்ற நாட்டுக் கடற்பரப்பில் மீன்பிடிக்கக் கூடாது என்பது வந்தது என்பதும் தெரிந்தவரின் பதிலுக்கும், தெரியாதவரின் கோபத்துக்கும் திரையில் பெரிய வேறுபாடு இருக்கும். கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் ஆண்டையும் பிரிவையும் எடுத்துச் சொல்பவரின் பேச்சைத்தான் செய்தியாசிரியர் வெட்டாமல் வைப்பார்.

என்ன உடை உடுத்த வேண்டும்?

நீங்கள் வெளியே செல்லும்போது உடுத்தும் உடையே போதும். மிக நெருக்கமான கோடுகளும் சிறு கட்டங்களும் கேமராவில் அலைவதுபோல் தெரியும் என்பதால் அவற்றைத் தவிர்க்கலாம். அசையும்போது ஒலிக்கும் வளையலும் சங்கிலியும் சட்டை மைக்கில் பெரிய சத்தமாகப் பதியும். கட்சிக்காரராகப் பேசாத எவரும் கட்சிக் கரைவேட்டியோடு பேட்டிக்கு நிற்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன், ஏனெனில் அதைப் பார்த்தவுடனே பாதிப் பேர் உங்கள் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். தலையை மறைக்கும் துணியோ தொப்பியோ எந்த வகையிலும் தடையில்லை.

பட்டறை நடக்கும் நாளில் என்னென்ன நடக்கும்?

காலையில் அறிமுகம் முடிந்ததும், செய்தி என்பது எப்படி உருவாகிறது என்பதை விளக்குவார்கள். நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்கு எப்போது செய்தி போய்ச்சேர வேண்டும், தொலைக்காட்சி நிருபருக்கு ஏன் அவ்வளவு அவசரம், உங்களிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு ஏன் பத்து விநாடியை மட்டும் ஒளிபரப்புகிறார்கள் என்பதெல்லாம் இந்தப் பகுதியில் தெளிவாகும். இது பலருக்கும் கண்திறப்பாக அமைகிறது. தன் பேச்சை வெட்டிவிட்டார்கள் என்ற நெடுநாள் வருத்தத்தோடு வருபவர், ஒரு செய்தித் தொகுப்பின் மொத்த நீளமே ஒன்றரை இரண்டு நிமிடம்தான் என்று அறிந்ததும், தன் கருத்தைச் சுருக்கிச் சொல்லும் பொறுப்பு தன்னிடமே இருப்பதை உணர்கிறார்.

அடுத்தது, சொல்ல வந்ததை உருவாக்கும் பகுதி. என் பார்வையில் பட்டறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் ஒரு நிகழ்வைச் சொல்லும்போது படகு கிளம்பிய நேரத்திலிருந்து தொடங்கி, காற்று எந்தத் திசையில் அடித்தது, வலை எங்கே விரித்தோம் என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில்தான் நடந்த விபரீதத்துக்கு வருவோம். கேட்பவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அது அழகான முறை. செய்திக்கு அது தலைகீழாக வேண்டும். என்ன நடந்தது என்பதை முதல் வாக்கியத்திலும், அதற்கான ஆதாரத்தை இரண்டாவதிலும், என்ன செய்ய வேண்டும் என்ற கோரிக்கையை மூன்றாவதிலும் வைக்கப் பழக்குவார்கள். பயிற்சிக்காக ஒரு மாதிரியைச் சொல்கிறேன்: "நேற்றிரவு வீசிய காற்றில் வடகடல், அதாவது பாக் நீரிணை, கரையில் நங்கூரமிட்டிருந்த நாட்டுப்படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன, உயிர்ச்சேதம் இல்லை. இன்று காலை மீன்வளத்துறை ஆய்வாளரிடம் மனுக் கொடுத்திருக்கிறோம். இந்த வாரத்துக்குள் சேதத்தைக் கணக்கெடுக்க வேண்டும் என்று கேட்கிறோம்." இதைச் சொல்லி முடிக்க அரை நிமிடம் போதும். இதில் எந்த வரியை வெட்டினாலும் மீதி வரிகள் பொருளோடு நிற்கும்.

மதியத்துக்குமேல் கேமரா முன் ஒத்திகை தொடங்கும். அதன் பிறகு செய்திக்குறிப்பு, செய்தியாளர் சந்திப்பு, நெருக்கடி நேரப் பேச்சு ஆகியவை வரும்.

கேமரா ஒத்திகையில் எல்லோர் முன்னிலையிலும் குறை சொல்வார்களா?

குறைகள் சொல்லப்படும், ஆனால் அது அவமானமாக மாறக் கூடாது. அதைக் காப்பது பயிற்றுநரின் பொறுப்பு. சட்டையில் சிறு மைக்கைப் பொருத்தி, எதிரே ஒருவர் நிருபராக அமர்ந்து முதலில் எளிய கேள்விகளையும் பிறகு இடைமறித்துக் கடினமான கேள்விகளையும் கேட்பார். முடிந்ததும் பதிவைப் போட்டுக் காட்டுவார்கள். முதல் முறை பார்க்கும்போது எவருமே தன் முகத்தையும் கையசைவையும் மட்டுமே பார்க்கிறார், என்ன பேசினோம் என்பது காதில் விழுவதேயில்லை. அதனால் நல்ல பயிற்றுநர்கள் அதே பதிவை இரண்டாவது முறை படத்தை மறைத்துக் குரலை மட்டும் கேட்கச் செய்வார்கள். மூன்றாவது முறை சத்தத்தை நிறுத்திவிட்டு உடல்மொழியை மட்டும் பார்க்கச் செய்வார்கள். பிறகு அதே பேட்டியை மீண்டும் ஒருமுறை எடுப்பார்கள். இரண்டாவது பதிவில் ஏற்படும் முன்னேற்றம் எந்தப் பாராட்டையும்விட உங்களுக்குத் தைரியம் தரும்.

நேரில் பேட்டி எடுக்கும்போது கேமராவைப் பார்க்காமல் கேள்வி கேட்பவரின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். தொலைவிலிருக்கும் நெறியாளருக்கு நேரலையில் பேசும்போது மட்டும் கேமராவையே பார்க்க வேண்டும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதைக் காட்டிலும் நின்று பழகினால்தான் வரும்.

எந்தத் தமிழில் பேச வேண்டும்? எங்கள் பேச்சு வழக்கைக் கேலி செய்வார்களோ?

உங்கள் தமிழிலேயே பேசுங்கள். மேடைத் தமிழை இரவல் வாங்கிப் பேசினால் வார்த்தைகளைத் தேடுவதிலேயே கவனம் போய், கருத்து நழுவிவிடும். கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: நமக்குள் புழங்கும் சொல் வெளியூராருக்குப் புரியாத இடத்தில் ஒரு விளக்கத்தைச் சேர்த்துவிட வேண்டும். "தென்கடல்" என்று நாம் சொன்னால் மதுரைக்காரருக்கே மன்னார் வளைகுடா என்று விளங்காது. "வடகடல்" என்றால் பாக் நீரிணை என்றும் விளங்காது. ஒருமுறை "தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா" என்று சொல்லிவிட்டால் பிறகு தாராளமாக உங்கள் சொல்லையே பயன்படுத்தலாம். இந்தி, ஆங்கிலத் தொலைக்காட்சிகள் வந்தாலும் தமிழிலேயே பதில் சொல்லலாம். மொழிபெயர்த்து வெளியிடுவது அவர்களுடைய வேலை. கேள்வி முழுமையாகப் புரியாதபோது தலையாட்டாமல், மொழிபெயர்ப்பவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு கேள்வியைத் தமிழில் கேட்டுத் தெளிந்த பிறகே வாய் திறக்க வேண்டும்.

கடினமான கேள்விகளைத் தட்டிக்கழிக்கக் கற்றுத்தருவார்களா?

சில இடங்களில் அப்படியும் கற்றுத்தருகிறார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. கேட்ட கேள்வியை விட்டுவிட்டுத் தான் சொல்ல வந்ததையே திரும்பத் திரும்பச் சொல்பவரைப் பார்வையாளர் நொடியில் கண்டுகொள்கிறார். முதலில் கேள்விக்கு நேர்மையாகச் சுருக்கமான பதில்; அதன் பிறகு, அதோடு தொடர்புள்ள உங்கள் செய்தி. இந்த வரிசை மாறக் கூடாது.

கேள்விக்குள்ளேயே தீர்ப்பு ஒளிந்திருப்பதை அடையாளம் காணவும் பழக்குவார்கள். "எல்லை தாண்டித்தானே மீன் பிடிக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு "நாங்கள் எல்லை தாண்டவில்லை" என்று தொடங்கினால், செய்தியில் நிற்பது "எல்லை தாண்டுவது" என்ற சொல்லாகத்தான் இருக்கும். குறுகிய கடல், பல தலைமுறைகளாக மீன்பிடித்த இடம், காற்றும் நீரோட்டமும் படகை இழுப்பது, இழுவைமடி (விசைப்படகு கடலடியில் இழுத்துச்செல்லும் பெரிய வலை) பற்றி இரு கரை மீனவர்களுக்கும் இடையிலுள்ள சிக்கல் ஆகியவற்றில் உங்களுக்கு உறுதியாகத் தெரிந்ததை உங்கள் சொற்களிலேயே தொடங்க வேண்டும். இழுவைமடியால் வடக்கு இலங்கை மீனவர்கள் பாதிக்கப்படுவதாகச் சொல்லப்படுவதையும் கேட்பார்கள். அதை மறைத்துப் பேசுபவரைவிட, ஒப்புக்கொண்டு மாற்று வழி என்ன என்று பேசுபவருக்கே மதிப்பு.

கடற்பாசித் தொழிலிலும் இதே நிலைதான். "நீங்கள் வளர்க்கும் பாசி பவளப்பாறையை மூடிவிடுகிறதாமே?" என்ற கேள்வி மண்டபம், பாம்பன் பகுதிப் பெண்களிடம் வந்துகொண்டே இருக்கிறது. மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் கப்பாபைக்கஸ் என்ற வெளிநாட்டு இனம் வேறு, கடலுக்குள் மூழ்கிக் கையால் பறிக்கும் இயற்கைப் பாசி வேறு என்பது கேட்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தான் செய்யும் தொழில் எது என்பதை முதல் வாக்கியத்திலேயே பிரித்துச் சொல்லப் பழகிய பெண், அந்தக் கேள்வியின் பாதி எடையைக் குறைத்துவிடுகிறார். மிதவையில் வளர்ப்பவராக இருந்தால், குருசடைத் தீவுப் பகுதியில் அந்தப் பாசி பவளத்தின்மீது படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதையும் அறிந்தே பேச வேண்டும்.

பதில் சொல்லி முடித்த பிறகு நிருபர் ஒன்றும் பேசாமல் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மௌனத்தைப் பொறுக்காமல் பலர் சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுகிறார்கள். சொல்ல வேண்டியது முடிந்ததென்றால் நீங்களும் அமைதியாக இருக்கலாம்.

விடை தெரியாவிட்டால்?

தெரியாது என்று சொல்லுங்கள். எப்போது தெரியும், யாரிடம் கேட்டால் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மீனவர்கள் கைதாகும்போது குடும்பத்தினரிடம் மைக்கை நீட்டுகிறார்கள். அதற்கும் பயிற்சி உண்டா?

உண்டு. இந்தக் கடற்கரையில் நடக்கும் எந்தப் பட்டறையும் இதற்கென்று தனி நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதிகாலையில் செய்தி வரும். விடிவதற்குள் தங்கச்சிமடத்திலோ பாம்பனிலோ வீட்டு வாசலில் கேமராக்கள் நிற்கும். என்ன நடந்தது என்றே தெரியாத மனைவியிடமும் தாயிடமும் கேள்விகள் கேட்கப்படும். பேச வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை என்பதைத்தான் முதலில் சொல்லித்தர வேண்டும். "இப்போது பேசும் நிலையில் இல்லை, சங்கத்தில் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே செல்லும் உரிமை எந்தக் குடும்பத்துக்கும் உண்டு. அப்படிச் சொல்லக்கூடிய நிலையை உருவாக்குவது சங்கத்தின் கடமை: ஒருவரைப் பேச்சாளராக முன்கூட்டியே தீர்மானித்து, அவருடைய எண்ணைச் செய்தியாளர்களிடம் கொடுத்து வைத்திருந்தால் வீட்டு வாசலில் கூட்டம் குறையும்.

அந்தப் பேச்சாளர் உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்ல வேண்டும். மீன்வளத்துறையின் அனுமதிச்சீட்டான டோக்கனை வாங்கிப் படகு எப்போது புறப்பட்டது, எத்தனை பேர் போனார்கள், தகவல் எப்போது யார் மூலம் வந்தது, மீன்வளத்துறைக்குத் தெரிவித்தாயிற்றா என்பவை அவர் சொல்லக்கூடியவை. படகு எந்த இடத்தில் நின்றது என்பதைக் கரையில் இருப்பவர் ஊகித்துச் சொல்லவே கூடாது. வழக்கு இலங்கை நீதிமன்றத்துக்குப் போகப்போகிறது. ஆகவே வழக்கறிஞரிடம் கலந்துகொள்ளாமல் அந்த விவரத்தைத் தொலைக்காட்சியில் பேசுவது சிறையில் இருப்பவருக்கே பாதகமாக முடியலாம். குழந்தைகளை அழவைத்துப் படம் எடுக்க அனுமதிக்க வேண்டாம். வீட்டுக் கதவு எண், குடும்பத்தின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டாம். அதேவேளை, குடும்பத்தில் ஒருவர் தாமாக முன்வந்து பேச விரும்பினால் அவரைத் தடுக்கவும் கூடாது. அவருடைய வேதனையைச் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் இல்லை.

புயல் நேரத்தில் நேரலையில் பேசுவது பற்றி?

பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் நேரலை வண்டிகள் பாலத்தடியில் வந்துவிடும். ஒன்றாம் எண் கூண்டு என்றால் தொலைவான கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது என்றும், மூன்றாம் எண் என்றால் துறைமுகத்தில் பலத்த காற்று வீசக்கூடும் என்றும் பொருள் என்பதைப் பேட்டி கொடுப்பவர் அறிந்திருந்தால் தேவையற்ற பீதி பரவாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்ததை ஒவ்வொரு புயலிலும் நினைவுபடுத்தச் சொல்லிக் கேட்பார்கள். அந்த நினைவைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் வரப்போகும் புயலை அதோடு ஒப்பிட்டு முன்கணிப்பதை வானிலை ஆய்வு மையத்திடம் விட்டுவிட வேண்டும்.

வெளியில் நின்று பேசும்போது காற்று மைக்கில் மோதிக் குரலை விழுங்கிவிடும். மைக்கில் காற்றுத் தடுப்பான் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சுவரையோ கரையேற்றிய படகையோ மறைப்பாக வைத்து நிற்கலாம். கடலை முழுவதுமாகப் பின்னால் வைத்து நண்பகலில் நின்றால் உங்கள் முகம் இருண்டுபோகும்.

"இது செய்திக்காக இல்லை" என்று சொல்லிவிட்டு மனம்விட்டுப் பேசலாமா?

பெயரை வெளியிடாமல் தகவல் தருவது, வெளியிடவே கூடாத தகவலைப் பின்னணிக்காகச் சொல்வது ஆகிய இரண்டுக்கும் நிருபரின் ஒப்புதலைப் பேசுவதற்கு முன்பே பெற வேண்டும். சொல்லி முடித்த பிறகு "இதைப் போட்டுவிடாதீர்கள்" என்றால் அதற்கு அவர் கட்டுப்பட்டவர் அல்லர். நெடுநாள் பழகிய உள்ளூர் நிருபர் மதித்து நடப்பார். முதல்முறை சந்திப்பவரிடம் அதை எதிர்பார்க்க வேண்டாம். மைக் பொருத்தப்பட்ட நேரம் முதல் கழற்றப்படும் வரை அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று கருதியே பேசுங்கள்.

கைப்பேசியோடு வரும் யூடியூப் சேனல்காரர்களுக்கும் பேட்டி கொடுக்கலாமா?

கொடுக்கலாம். அவர்களில் பொறுப்போடு செயல்படுபவர்கள் பலர் இருக்கிறார்கள்; பெரிய ஊடகங்கள் எட்டிப்பார்க்காத சிற்றூர்ச் சிக்கலை அவர்கள்தான் வெளியே கொண்டுவருகிறார்கள். எந்தச் சேனல், யார் நடத்துகிறார்கள், எப்போது வெளிவரும் என்று கேட்டுக்கொண்டு, அந்தச் சேனலில் ஏற்கெனவே வந்த காணொளிகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முழுப் பேட்டியையும் உங்கள் கைப்பேசியிலும் பதிவு செய்துகொள்வதை வழக்கமாக்குங்கள். இதை நாளிதழ், தொலைக்காட்சிப் பேட்டிகளுக்கும் செய்யலாம். நேர்மையான நிருபர் எவரும் அதற்கு ஆட்சேபம் சொல்ல மாட்டார்.

செய்திக்குறிப்பு எழுதக் கற்றுத்தருவார்களா?

கற்றுத்தருவார்கள். ஒரு பக்கத்துக்குள், தேதி, இடம், நடந்தது, சொன்னவரின் பெயரும் பொறுப்பும், தொடர்பு எண் ஆகியவை இருந்தால் போதும். சங்கத்தின் வரலாற்றையும் நிர்வாகிகள் அனைவரின் பெயரையும் முதல் பத்தியில் அடுக்கிய குறிப்புகளை யாரும் படிப்பதில்லை. மறுநாள் நாளிதழில் வர வேண்டிய செய்தியை மாலைக்குள் அனுப்பிவிட வேண்டும். படத்தை வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும் என்பதால் ஆவணக் கோப்பாக அனுப்ப வேண்டும். படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக எழுதி அனுப்ப வேண்டும்.

நான் அரசு ஊழியர். பயிற்சி பெற்றால் ஊடகத்தில் பேசலாமா?

பயிற்சி அனுமதியாகாது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் உங்களைக் கட்டுப்படுத்தும். துறையின் அனுமதி பெற்றவரே துறை சார்ந்து பேச முடியும். மாவட்ட நிர்வாகத்தின் செய்திகள் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் வழியாகவே வெளிவருகின்றன. இருந்தாலும், அனுமதி பெற்ற உயர் அலுவலருக்குத் தகவல் தயாரித்துக் கொடுப்பவர் நீங்களாக இருந்தால் இந்தப் பயிற்சி பயன்படும்.

சட்டச் சிக்கல்கள் பற்றியும் சொல்வார்களா?

அவசியமானவற்றைச் சொல்வார்கள். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். பாதிக்கப்பட்டது குழந்தையென்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் தடுக்கிறது. ஊர், பள்ளி, உறவினர் பெயர் என்று சுற்றிவளைத்துச் சொன்னாலும் அடையாளம் தெரிந்துவிடும் என்பதைத் தலைமையாசிரியர்களும் ஊராட்சித் தலைவர்களும் மறக்கக் கூடாது. ஆதாரமின்றி ஒருவரைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால் அதே சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்கீழ் அவதூறு வழக்கு வரலாம்.

பயிற்சியின்போது எடுக்கும் படங்கள் வெளியே போய்விடுமா? வீட்டில் அனுமதிக்கத் தயங்குகிறார்கள்.

இந்தத் தயக்கம் நியாயமானது. ஒத்திகைப் பதிவுகள் பயிற்சி முடிந்ததும் உங்கள் முன்னிலையிலேயே அழிக்கப்பட வேண்டும், அல்லது உங்களிடம் மட்டும் கொடுக்கப்பட வேண்டும். விளம்பரத்துக்குப் படம் பயன்படுத்துவதென்றால் தனியாக எழுத்துமூலம் ஒப்புதல் கேட்க வேண்டும்; மறுப்பவரைப் பயிற்சியிலிருந்து ஒதுக்கக் கூடாது. பெண்களுக்குத் தனிக் குழுவாக ஒத்திகை வேண்டுமென்றால் கேளுங்கள். முகம் காட்ட விரும்பாதவர்களுக்குக் குரல் வழியான ஊடகம் நல்ல தொடக்கம். பாம்பனிலிருந்து 2016 முதல் ஒலிபரப்பாகும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி மீனவ மக்களின் குரலுக்கென்றே நடக்கிறது.

கட்டணம் எவ்வளவு? சான்றிதழ் கிடைக்குமா?

கட்டணம் நடத்துபவரைப் பொறுத்தது. உணவு, குறிப்பேடு, தனிப்பட்ட ஒத்திகை ஆகியவை கட்டணத்துக்குள் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கலந்துகொண்டதற்கான சான்றிதழ் தரப்படலாம். அதை வைத்துச் செய்தியாளர் அடையாள அட்டை பெற முடியாது. உங்கள் செய்தியை வெளியிட வைப்போம் என்று வாக்களிப்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

நல்ல பட்டறை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒவ்வொருவருக்கும் கேமரா முன் எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று கேளுங்கள். ஐம்பது பேரை ஒரே கூடத்தில் உட்காரவைத்து நாள் முழுக்க உரையாற்றுவது கருத்தரங்காகும், பயிற்சியாகாது. பயிற்றுநர் செய்தி அறையில் வேலை பார்த்தவரா, கடலோர வாழ்க்கையைப் பற்றிக் கேட்டறியும் பொறுமை உள்ளவரா என்பதும் முக்கியம். பயிற்சிக் கேள்விகளை உங்கள் ஊரைப் பற்றித் தயாரித்து வருபவரே உண்மையில் உழைத்தவர்.

பயிற்சிக்குப் பிறகு பேட்டி தவறாக வெளிவந்தால் என்ன செய்வது?

முதலில், தவறு எது என்பதைப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் சொன்னது சுருக்கப்பட்டிருந்தால் அது தவறு ஆகாது. சொல்லாததைச் சொன்னதாக வந்திருந்தாலோ, எண்ணோ பெயரோ மாறியிருந்தாலோ, உடனே நிருபரை அழைத்து நிதானமாகச் சுட்டிக்காட்டுங்கள். பெரும்பாலான தவறுகள் இந்த ஒரு அழைப்பிலேயே திருத்தப்பட்டுவிடும். திருத்தவில்லையென்றால் உங்கள் பதிவை ஆதாரமாக இணைத்து ஆசிரியருக்கு எழுதுங்கள். நாளிதழோ வார இதழோ என்றால், ஆசிரியரின் பதில் நிறைவளிக்காதபோது செய்தி வெளியான இரண்டு மாதத்துக்குள் இந்தியப் பத்திரிகை மன்றத்தில் புகார் செய்யலாம். மற்ற இதழ்களுக்கு நான்கு மாதம் அவகாசம் உண்டு. தொலைக்காட்சிகள் அந்த மன்றத்தின் வரம்புக்குள் வராது. ஒளிபரப்பிய நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு முதலில் எழுத வேண்டும். 2021ஆம் ஆண்டு திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி அவர் 15 நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும், அது நிறைவளிக்காவிட்டால் அடுத்த 15 நாட்களுக்குள் அந்த நிறுவனம் அங்கம் வகிக்கும் சுய ஒழுங்குமுறை அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம்.